பதினேழு புகாரும் ஒரு சுவரும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, நான் சொந்த வீட்டுக்காரன் ஆவதென்று முடிவு செய்தேன்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சரியாக அப்போதுதான் பக்கத்து வீட்டு மால்கம் தன் வாசல் கதவுக்குச் சிவப்பு வர்ணம் அடித்து முடித்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அதை ரசித்தான். எங்கள் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். அத்தனையும் கவுன்சில், அதாவது எங்கள் ஊர் நகராட்சி, கட்டி வாடகைக்கு விட்டவை. அறுபத்திரண்டு கதவும் பிறவியில் பச்சை. அதுவும் என்ன பச்சை! ஆஸ்பத்திரிச் சுவருக்கு வாங்கி, நோயாளிகள் பயந்துபோய், மிச்சமான பச்சை. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவன் கதவுக்கு வேறு வர்ணம் அடிக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தும்மலாம், ஆனால் மெதுவாக.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. குடியிருப்பவன் கேட்டால் கவுன்சில் அந்த வீட்டை அவனுக்கே சல்லிசான விலைக்கு விற்றாக வேண்டும். வாங்கினவன் முதல் காரியமாகக் கதவின் நிறத்தை மாற்றுவான். அதைப் பார்த்துத்தான் யார் வாங்கினான், யார் இன்னும் வாடகைக்காரன் என்று தெருவுக்குத் தெரியும். மால்கமின் சிவப்புக் கதவு என் கண்ணைக் குத்தியது. முப்பது வருஷமாக ஊரார் என்னைப் பிரெண்டாவின் வீட்டுக்காரர் என்கிறார்கள். பெயர் இருக்கிறது, வீடு இல்லை. இது என்ன நியாயம்?

நேரே அடுப்படிக்குப் போனேன். என் மனைவி பிரெண்டா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரெண்டா, நாம வீடு வாங்கப்போறோம்."

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டைத்தான்."

"இதுலதானே இருக்கோம்?"

"இருக்கிறது வேற, சொந்தமா வச்சிருக்கிறது வேற."

"வாங்கி என்ன பண்ணுவே?"

"கதவுக்கு நீலம் அடிப்பேன்."

"ம்."

"அப்புறம் இந்தச் சுவரை இடிப்பேன்."

அதுவரை ஓடிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"எந்தச் சுவரை?"

"இதோ, அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவுல மறிச்சுக்கிட்டு நிக்குதே, இதைத்தான். இடிச்சுட்டு அழகா ஒரு வளைவு வைப்பேன். நீ இங்க நின்னு சமைச்சா முன்னறையிலேர்ந்து எனக்குத் தெரியும். நான் பேசினா உனக்குக் கேட்கும். நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கலாம்!"

அவள் முகம் மாறியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு இடிப்பா?" என்று கேட்டாள்.

"யாரா? நான்தான். ஆள் வச்சு இடிக்க நான் என்ன பிரபுவா?"

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகத் தெரிந்துகொண்டால் மரியாதையாக இருக்காது. ஆறு வருஷத்துக்கு முன் நான் ஒரு அலமாரிப் பலகை அடித்தேன். அது ஒன்றேகால் நாள் சுவரில் இருந்தது. விழுந்தபோது பன்னிரண்டு கோப்பை, ஒரு விளக்கு, சுவரில் பாதி ஆகியவற்றையும் கூடவே அழைத்துக்கொண்டு போனது. எங்கள் பூனை அன்றே மால்கம் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. இன்றும் என்னைக் கண்டால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடக்கிறது. கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் இந்த வீட்டில் இனி ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது என்று. எங்கள் கல்யாணப் படம் பெட்டிக்குள் கிடக்கிறது. அந்தக் கடிதத்தைத்தான் பிரெண்டா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதற்கு ஆணி அடித்தது கவுன்சில் ஆள்.

சுவரை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "சரி கண்ணு, வாங்கிருவோம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவர் முதல் பாதிரியார் வரை எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். அது பெரிய விஷயமில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் பிரெண்டா முதல் தடவையிலேயே சரி சொன்னது கிடையாது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்ன செய்வது, என் சந்தேகம் மொத்தத்தையும் கவுன்சிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். வீட்டுச் செலவுக்கு மிச்சமில்லை.

கவுன்சிலைப் பற்றி மால்கம் எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தூபம் போட்டிருந்தான்.

"யோவ் கிளிஃப், ஜாக்கிரதையா இரு. விக்கப் பிடிக்காம விக்கிறானுங்க. என் மனுவை மூணு தடவை தொலைச்சானுங்க. நாலாவது தடவை அளக்க வந்தவன் உன் தோட்டத்தையும் சேர்த்து அளந்துட்டுப் போயிட்டான். அவங்க வரைபடத்துல உன் முட்டைக்கோசெல்லாம் என்னுது."

"திருத்திட்டாங்களா?"

"எழுதிப் போட்டேன். திருத்தி அனுப்பினாங்க. இப்போ என் கழிவறை உன்னுது."

இப்படிப்பட்டவர்களிடம்தான் நான் மோதப்போகிறேன். மனுப் படிவத்தை வாங்கிவந்து, மேஜையைத் துடைத்து, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வி, குடியிருப்பவர் பெயர். கிளிஃபோர்ட் ஹார்ட்லி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதும்போதே மார்பு ஓர் அங்குலம் விரிந்தது. அடுத்தது, வாரவாடகை எவ்வளவு. அங்கே மாட்டிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஆம்பளை வெள்ளிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே மனைவி கையில் கொடுப்பான். அவள் பிரித்து, அவன் பீருக்கு ஆனதை எடுத்து அவனிடம் தருவாள். கவரைப் பிரித்துக்கொண்டு வருபவனைத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்க்கும். மிச்சம் என்ன ஆகிறது என்று கேட்பவன் ஆம்பளையில் சேர்த்தி இல்லை. பிஸ்கட் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஒரு கவரைக்கூட நான் பிரித்ததில்லை. வாடகை வசூலிக்க வருபவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பால்காரர் என்று நினைத்து இரண்டு பாட்டில் கேட்டேன்.

"வாடகை எவ்வளவு பிரெண்டா?"

"அதை நான் எழுதிக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டுக் கொடு. நாளைக்கு நானே தபால்ல சேர்த்துடறேன்."

சட்டப்படி நாலு வாரத்துக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். நான் நாள்காட்டியில் கோடு கிழித்துக்கொண்டே வந்தேன். நாலு வாரம் முடிந்தது. பதில் இல்லை. ஐந்தாவது வாரமும் இல்லை. நான் காலை ஆறு மணிக்கே ஆலைக்குப் போய்விடுவேன், தபால் ஒன்பதுக்கு வரும். சாயங்காலம் வந்து முதல் வேலையாகக் கேட்பேன்.

"கவுன்சில்லேர்ந்து ஏதாவது வந்துச்சா?"

"உன் பேருக்கு ஒண்ணும் வரல கண்ணு."

எனக்கு ரத்தம் கொதித்தது. தொலைத்துவிட்டார்கள்! அல்லது ஒளித்துவிட்டார்கள்! ஒருநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுவசதி அலுவலகத்துக்கே போனேன். ஒன்றேகால் மணி நேரம் வரிசை. கம்பிக்குப் பின்னால் திருமதி விட்டேக்கர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு வேணும்?"

"வீடு வாங்க மனுக் கொடுத்தேன். ஆறு வாரமாச்சு. கிளிஃபோர்ட் ஹார்ட்லி. மில்பாங்க் தெரு, பதினெட்டு."

உள்ளே போனாள். ஏழு நிமிஷம். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒருத்தர் இல்லை, மூன்று பேர். திரும்பி வந்தபோது அவள் உதட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக் கோப்பு இருக்கு கண்ணு. ஆனா அதைப் பத்தி உங்ககிட்ட நான் பேச முடியாது."

"என் வீட்டைப் பத்தி என்கிட்டப் பேச முடியாதா?"

"முடியாது."

"பின்ன யார்கிட்டப் பேசுவீங்க?"

"அதையும் உங்ககிட்டச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"விதி அப்படி."

"யார் போட்ட விதி?"

"வீட்டுக்குப் போய் வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள், ரொம்பக் கரிசனமாக.

பார்த்தீர்களா திமிரை! போய் பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழு என்கிறாள். "என் மனைவியை இதுல இழுக்காதீங்க!" என்று மேஜையைக் குத்தினேன். கை வலித்தது. பின்னால் நின்ற கிழவர், "நல்லாச் சொன்னீங்க" என்றார். அந்த ஊக்கத்தோடு வீட்டுக்கு வந்து நடந்ததை நடித்தே காட்டினேன்.

"அப்படியா சொன்னா விட்டேக்கர்?" என்றாள் பிரெண்டா.

"உனக்கு அவளைத் தெரியுமா?"

"புதன்கிழமை பிங்கோ விளையாட வருவா. நல்ல பொம்பளை."

"நல்ல பொம்பளையா? சதிகாரி! இது லேசுப்பட்ட விஷயமில்ல பிரெண்டா. மேலிடத்துலேர்ந்து உத்தரவு போயிருக்கு. கிளிஃப் ஹார்ட்லிக்கு மட்டும் விக்காதேன்னு."

"உனக்கு மட்டுமா? மேலிடத்துக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"அலமாரிப் பலகை!" என்றேன். "அந்தக் கடிதம் போட்டவன் இன்னும் மறக்கல."

அன்றே புகார்ப்படலம் ஆரம்பமானது. என் கையெழுத்து எனக்கே மறுநாள் புரியாது. பிரெண்டாவுக்கு முத்து முத்தான எழுத்து. பள்ளிக்கூடச் சமையலறையில் தினம் கரும்பலகையில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுகிறவள். நான் முன்னறையில் உலாத்திக்கொண்டே சொல்வேன், அவள் எழுதுவாள். புகார் ஒன்று, தாமதம் பற்றி. புகார் இரண்டு, திருமதி விட்டேக்கர் உதட்டை மடித்தது பற்றி. புகார் மூன்றுக்கு, "தங்கள் புகார் கிடைத்தது" என்று பதில் வந்தது. எந்தப் புகார் என்று சொல்லாமல் கிடைத்தது என்பது என்ன பம்மாத்து? அது புகார் நாலு. ஏழாவதைக் கவுன்சில் தலைவருக்குப் போட்டேன். எட்டாவது, அவர் விடுமுறைக்குப் போனது பற்றி. பத்தாவது புகாரை லண்டனில் இருக்கிற குறைதீர்ப்பாளருக்கே அனுப்பினேன்.

"எம்மாடி, எவ்வளவு கோர்வையா சொல்றே!" என்பாள் பிரெண்டா. "இங்க ஒரு கையெழுத்துப் போடு. கீழேயும் ஒண்ணு."

"இதெதுக்குக் கீழே?"

"நகலுக்கு. மால்கமையும் சாட்சியாப் போடச் சொல்லலாமா? சாட்சி இருந்தா புகாருக்கு ஒரு கனம் வரும்."

"அபாரம்! இப்போதான் நீ என்னைப் போல யோசிக்க ஆரம்பிச்சிருக்கே."

மால்கம் வந்தான், கையெழுத்துப் போட்டான், என்னைப் பார்க்காமல் போனான். அவனுக்கு வீடு கிடைத்துவிட்ட கர்வம் என்று நினைத்துக்கொண்டேன். நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நானே படிப்பானேன்?

இதற்குள் எனக்குத் தெருவில் எதைப் பார்த்தாலும் சந்தேகமாகிவிட்டது. கவுன்சில் குப்பை வண்டி எங்கள் வாசலில் அரை நிமிஷம் கூடுதலாக நின்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து நோட்டம் விடுவேன். ஒருநாள் விளக்குக் கம்பத்தில் ஏறின மின்சார ஆளைப் பார்த்து, "யார் அனுப்பினது உன்னை?" என்று கேட்டேன். "மின்சாரம்" என்றான். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரெண்டா சொன்னாள், "வியாழக்கிழமை கவுன்சில்லேர்ந்து வீட்டுக்கு விலை போட ஆள் வருதாம் கண்ணு."

துள்ளிக் குதித்தேன். பதினோராவது புகார்! கடுமையான புகார் அது. மிருகம் என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வந்திருந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணேன்" என்றாள் பிரெண்டா. "கூரையோரம் மழைத்தண்ணி ஓடுற குழாய் ரெண்டு வருஷமா சொட்டுது. கவுன்சில்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதை நீ கொஞ்சம் ரிப்பேர் பண்ணிடறியா?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நானா?"

"அப்படியே பின்பக்கத்து கேட்டையும். மேல் ஜன்னல் சட்டத்தையும் ஒரு தட்டுத் தட்டிடு."

"அனுமதியில்லாம ஆணி அடிக்கக் கூடாதுன்னு கவுன்சில்காரன்..."

"நான் அனுமதி கொடுக்கிறேன் கண்ணு."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் என்னிடம் ரிப்பேர் பண்ணச் சொன்னது இதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. கவுன்சிலைச் சந்தேகிக்கலாம், உலகத்தையே சந்தேகிக்கலாம், திறமையை அங்கீகரிக்கிற மனைவியை எப்படிச் சந்தேகிப்பது?

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, புதன்கிழமை முழுவதும் உழைத்தேன். கேட்டில் ஒரு கீல் தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். சாயங்காலத்துக்குள் கேட் தனியாக, தூண் தனியாக, கீல் மால்கம் தோட்டத்திலுமாக இருந்தன. ஜன்னல் முன்பு திறக்கச் சிரமப்படும், இப்போது மூடவே மாட்டேன் என்றது. வியாழக்கிழமை காலை கடைசியாகக் குழாய்க்கு ஏணி வைத்தேன். சொட்டுகிற இடத்தில் ஒரே ஒரு அடிதான் அடித்தேன். சத்தியமாக ஒரே ஒரு அடி. பன்னிரண்டடிக் குழாய் பெருமூச்சு விட்டுக்கொண்டு சுவரை விட்டுக் கழன்றது. கீழே முட்டைக்கோசு. மேலே நான், ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு. ஏணி எப்போது போனது என்று தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் விலை போடுகிறவர் வந்தார். பெம்பர்ட்டன் என்று பெயர். ஒல்லியான மனிதர், கையில் அட்டையும் பென்சிலும். பிரெண்டா அவரைப் பின்பக்கமாக அழைத்து வந்தாள். கேட் இல்லாததால் திறக்கிற வேலையும் இல்லை.

"அம்மா, இந்தக் குழாய் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கவுன்சில்ல ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம் ஐயா."

"அடடா. ஜன்னல்?"

"அது குளிர்காலத்துல வந்து பார்க்கணும் நீங்க."

"அங்க தொங்கறது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரும் ரெண்டு வருஷமாவா?"

பெம்பர்ட்டன் எழுதினார், எழுதினார், பக்கம் திருப்பி எழுதினார். எழுத எழுத விலை இறங்குவது மேலே இருந்தே எனக்குத் தெரிந்தது. கடைசியில் அட்டையைப் பிரெண்டாவிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மால்கம் ஏணியோடு வந்து என்னை இறக்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அவர் ஏன் உன்கிட்டக் கையெழுத்து வாங்கினார்?"

"உன் கை ரெண்டும் வேலையா இருந்துச்சே கண்ணு."

நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு மறுபடியும் அமைதி. ஒரு மாசம். விலை என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பன்னிரண்டு, பதின்மூன்று என்று பதினேழு வரை ஏறிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, நான் வீட்டில் இருக்கும்போது தபால்காரர் வந்தார். கவுன்சில் முத்திரை போட்ட உறை. என் பெயருக்கு! பிரெண்டா அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

"ஐயா, குறைதீர்ப்பாளர் எங்களுக்கு அனுப்பிவைத்தது உட்படத் தங்கள் பதினாறு புகார்களையும் கவனமாக ஆராய்ந்தோம். எவற்றிலும் முகாந்திரம் இல்லை. மேற்படி வீட்டில் குடியிருக்கும் உரிமை, தங்கள் மாமியார் காலமானதில் இருந்து திருமதி பிரெண்டா ஹார்ட்லியின் பெயரிலேயே உள்ளது. அவருடைய மனு உரிய காலத்தில் ஏற்கப்பட்டு, விலை சொல்லப்பட்டு, அவரும் சம்மதித்துவிட்டார். அவரது கோப்பைப் பற்றி மூன்றாம் நபரிடம் பேசுவதற்கில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மூன்றாம் நபர்! இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் நான் மூன்றாவது.

ஆனாலும் என் மூளை முதலில் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"பதினாறாம்! நான் பதினேழு புகார்ல கையெழுத்துப் போட்டேன். ஒண்ணைத் தொலைச்சுட்டானுங்க, பார்த்தியா? நான் சொன்னேனா இல்லையா?"

"உட்காரு கண்ணு" என்றாள் பிரெண்டா. "மிச்சத்தையும் படிச்சியா?"

படித்தது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. உட்கார்ந்தேன்.

"வீடு உன் பேர்லயா இருக்கு?"

"இது எங்கம்மா வீடு. நீ ஒரு பெட்டியோட வந்து சேர்ந்தவன்."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்கல. முப்பது வருஷத்துல ஒரு தடவை வாடகைப் புத்தகத்தைத் தொட்டிருக்கியா? முதல் பக்கத்துலயே என் பேருதான்."

"நான் போட்ட மனு?"

"மறுநாளே திருப்பி அனுப்பிட்டாங்க. 'இவர் யார்?'னு பென்சில்ல எழுதி."

"அப்போ விட்டேக்கர்..."

"பாவம் அவ. விதியை மீறாம உனக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தா."

"பணம் ஏது?"

"உன் சம்பளக் கவர்ல மிச்சம் பிடிச்சது. என் சமையலறைச் சம்பளம். மீதிக்கு வீட்டுக் கடன் சங்கம்."

இத்தனை நாளும் கவுன்சில் எனக்குக் குழி பறிக்கிறது என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். மண்வெட்டி என் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது!

"ஏன் பிரெண்டா? நான் வாங்கினா என்ன, நீ வாங்கினா என்ன?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். குரலில் கிண்டல் இல்லை.

"எனக்கு இந்த வீடு வேணும் கிளிஃப். உன்னைவிட எனக்கு ஆசை ஜாஸ்தி. நான் பொறந்த வீடு இது. ஆனா இந்தச் சுவரும் எனக்கு வேணும். அந்தப் பக்கம் நீ கால்பந்தைப் பார்த்துக் கத்துவ, கவுன்சிலைத் திட்டுவ, நாள் பூரா பேசுவ. இந்தப் பக்கம் நான் கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் தனியா ஒரு டீ குடிப்பேன். அந்த அரை மணி நேரம் இருந்ததாலதான் முப்பது வருஷம் உன்னோட குடும்பம் நடத்த முடிஞ்சுது. அதைப் போய் இடிக்கிறேங்கறியே!"

நெஞ்சில் எங்கேயோ தைத்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆம்பளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அதோடு, மால்கம் வீடு வாங்கினபோது அவன் சொன்ன ஒரு விஷயம் சட்டென்று ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம் பிரெண்டா. கடன் சங்கம்னு சொன்னியே. வீட்டுல வேற பெரியவங்க யார் குடியிருந்தாலும் அவங்க சம்மதக் கையெழுத்து இல்லாம கடன் சங்கம் ஒரு பவுண்டுகூடத் தராது. மால்கம் மாமியாரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"இந்த வீட்டுல இருக்கிற வேற பெரியவன் நான்!" மேஜையைக் குத்தலாமா என்று பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். "சுவரை இடிக்கலாம்னு நீ எழுதிக் கொடு. நான் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா நூறு வருஷம் ஆனாலும் போட மாட்டேன்!"

என்ன சாமர்த்தியம் பாருங்கள். எட்டு மாசத்தில் முதல் தடவையாக ஆட்டம் என் கைக்கு வந்திருந்தது. பிரெண்டா எழுந்துபோய் ரொட்டி டப்பாவுக்கு அடியில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"தொலைஞ்சுபோன ஒண்ணு எங்கேன்னு கேட்டியே."

கொட்டை எழுத்தில் தலைப்பு, குடியிருக்கும் பிறரின் சம்மதம். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே நகலுக்கு என்று போட்ட கையெழுத்து. பக்கத்தில் சாட்சி, மால்கம் பூத். துரோகி! பூனையோடு சேர்த்து அவனையும் தலைமுழுக வேண்டியதுதான்.

"இது... இதுல என்னன்னு எழுதியிருக்கு?"

"நீ கையெழுத்துப் போட்டதுதானே? படிச்சுப் பாரு."

"கண்ணாடியை முன்னறையில வச்சுட்டேன். நீயே சொல்லு."

"இந்த வீட்டுல உனக்குன்னு எந்த உரிமையும் கோர மாட்டியாம். போகச் சொன்னா மறுபேச்சில்லாம போயிடுவியாம்."

வீட்டுக்காரன் ஆகப் புறப்பட்டு, வாடகைக்காரன் என்ற பட்டத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

"அப்போ நீ என்னை எப்ப வேணும்னாலும்... போகச் சொல்லுவியா பிரெண்டா?"

"ச்சீ, நான் ஏன் கண்ணு அப்படிச் சொல்லப்போறேன்?" அவள் எனக்கும் ஒரு கோப்பை டீ ஊற்றினாள், சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். "இந்தச் சுவர் நிக்கிற வரைக்கும் நீயும் இங்க தாராளமா இருக்கலாம்."

இது நடந்து ஆறு மாசம் ஆகிறது. போன வாரம் அந்தச் சுவரில், முன்னறைப் பக்கம், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் பார்த்தேன். பிரெண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை. பூசிவிடலாம்தான், ஆனால் பூசப்போவது நான் அல்லவா? அதனால் நாற்காலியை அந்த இடத்துக்கு இழுத்துப் போட்டு, முதுகால் விரிசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுகிறேன்.